ஹண்டர் ஷிராஸும் ஆட்டிறைச்சிப் பிரட்டலும்

ஆதி,

நேற்று நீ தொலைபேசியில் கேட்டது ஒரு சின்ன விஷயம். "அம்மா, எங்கட வெடிங் டின்னருக்கு என்ர ஷிராஸ் வைனோட என்னென்ன கறி போகும் எண்டு கேற்றரிங்காரருக்குச் சொல்லோணும். நீங்களே எழுதித் தாங்கோவன், உங்களுக்குத்தான் வடிவாத் தெரியும்." சரி, எழுதி அனுப்புகிறேன் என்று சொல்லிவிட்டு, இன்று காலை வேலைக்கு லீவு போட்டுக் குசினி மேசையில் உட்கார்ந்தேன். கறிகளின் பெயரை எழுதிக்கொண்டு போகப்போக, இதோடு சேர்த்துச் சொல்ல வேண்டிய இன்னொன்றும் இருக்கிறது, அதை உன் முகத்தைப் பார்த்துக்கொண்டு சொல்ல எனக்குத் துணிவு வராது என்று பட்டது. ஆகவே இது நீளமாகத்தான் இருக்கும். சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கு உன்னை அழஅழக் காரில் ஏற்றிக் கொண்டுபோனதற்கு இன்றைக்காவது எனக்குப் பலன் கிடைக்கட்டும். அவசரப்படாமல் வாசி.

நீ பல்கலைக்கழகத்தில் கெமிக்கல் எஞ்சினியரிங் படித்துக்கொண்டிருந்த நேரம், விடுமுறைக்குச் சிநேகிதன் ஒருவனோடு ஹண்டர் பள்ளத்தாக்குத் திராட்சைத் தோட்டத்துக்கு முந்திரிகைப்பழம் பிடுங்கப் போனாய். உன் அப்பா இறந்து அப்போது ஒரு வருடம்கூட ஆகவில்லை. நீ கொஞ்ச நாள் வெளியே போய் வருவது நல்லது என்று நானும் நினைத்தேன். திரும்பி வந்தபோது நகக்கண்ணெல்லாம் ஊதா நிறம். கதிரையில் உட்காரக்கூட இல்லை, நின்றபடியே சொன்னாய். "அம்மா, கோர்ஸ மாத்தப் போறன். வைன் செய்யப் படிக்கப் போறன்."

"சாராயம் காய்ச்சவோ?" என்று கேட்டேன்.

"காய்ச்சிறதில்ல அம்மா. புளிக்க வைக்கிறது. தோசை மா மாதிரி."

அந்தத் தோசை மாதான் என்னை மடக்கியது. அழுவதா சிரிப்பதா என்று தெரியாமல் சிரித்துவிட்டேன். ஆனால் அடுத்த வாரம் ஸ்ட்ராத்ஃபீல்டில் ஒரு பிறந்தநாள் வீட்டில் யாரோ ஓர் அன்ரி, மகன் என்ன படிக்கிறான் என்று கேட்டபோது, "உணவு இரசாயனம்" என்றேன். பொய்யில்லை. உண்மையென்று சொல்லவும் முடியாது. நீ பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாய். ஒன்றும் சொல்லாமல் என் தட்டில் ஒரு மட்டன் றோல்ஸ் எடுத்து வைத்தாய். காரில் வரும்போது மட்டும், "உணவு இரசாயனம், நைஸ்" என்றாய். அதற்குப் பிறகு நான் அந்தச் சொல்லைப் பாவிக்கவில்லை.

எனக்கு வைனைப் பற்றி ஒன்றும் தெரியாது என்பது உனக்குத் தெரியும். கோயிலும் விரதமுமாக வளர்ந்தவள் நான். உன் அப்பாவும் கலியாண வீடுகளில் கிளாஸைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்பாரே தவிர, அதற்குள் இருந்தது எப்போதும் ஜிஞ்சர் பியர் சோடாதான். நீ ஹண்டரில் ஒரு வைன் தோட்டத்தில் வேலைக்குச் சேர்ந்த பிறகு முதன்முதலாகக் கொண்டுவந்த போத்தலை இந்தக் குசினியில் திறந்து, மெல்லிய கண்ணாடிக் கோப்பையில் ஒரு விரல் அளவு ஊற்றி, "குடிக்க வேண்டாம் அம்மா, முதல்ல பாருங்கோ" என்றாய். பெயின்ற் கடையில் நிறம் கலக்கிற எனக்குப் பார்ப்பதில் என்ன கஷ்டம்? வெள்ளைத் துவாயை அடியில் விரித்துச் சரித்துப் பார்த்தேன். நடுவில் மாதுளம் முத்தின் சிவப்பு, ஓரத்தில் மெல்லிய ஊதா. "ஊடாகப் பாத்தா உன்ர விரல் தெரியுது, தண்ணி கலந்திட்டினமோ?" என்றேன். நீ அன்று சிரித்த சிரிப்பு இன்னும் என் காதில் இருக்கிறது.

தெற்கு அவுஸ்திரேலியாவில் விளையும் ஷிராஸ் மை போலக் கறுத்து, வாயை நிரப்பி, ஜாம் போலத் திரண்டு வரும் என்றாய். ஹண்டருடையது அப்படியில்லை. அங்கே வெயில் கடுமை, ஆனால் கோடை நடுவில் மேகம் வந்து மூடும், மழை எந்த நேரமும் கொட்டும் என்று பயந்து பழத்தை நேரத்தோடு பிடுங்குவார்கள். அதனால் சீனி ஏறுவது குறைவு, அல்ககோலும் குறைவு, புளிப்பு உயிரோடு நிற்கும். "மீடியம் பொடி, அம்மா. கட்டியுமில்ல, தண்ணியுமில்ல, சத்தம் போடாத ஆள்" என்றாய். மணந்து பார்க்கச் சொன்னாய். செர்ரி தெரிந்தது. கொஞ்சம் மிளகு தெரிந்தது. அதற்குப் பின்னால் இன்னொன்று, நனைந்த மண்ணும் தோல் பையும் சேர்ந்தது போல. ஒரு வாய் எடுத்தேன். முதலில் பழம், பிறகு நாக்கின் ஓரத்தில் நாவற்பழம் சாப்பிட்டதுபோல மெல்லிய துவர்ப்பு. விழுங்கிய பிறகும் கொஞ்ச நேரம் இருந்துவிட்டுத்தான் போனது. பிடித்ததா என்று கேட்டாய். "தெரியேல்ல. சாப்பாட்டோட குடிச்சாத்தான் சொல்லலாம்" என்றேன்.

அப்படித்தான் எங்கள் ஞாயிற்றுக்கிழமைகள் தொடங்கின. நீ ஹண்டரிலிருந்து இறங்கி வருவாய், நான் சமைத்து வைத்திருப்பேன், ஒவ்வொரு கறியாக எடுத்து வைத்து ஒரு வாய் அது, ஒரு வாய் இது. முதல் ஞாயிறே தோல்வி. வழக்கம்போல உறைப்பாக வைத்த நண்டுக் குழம்புக்கு முன்னால் உன் வைன் வெறும் கசப்புத் தண்ணியாகிப் போனது. "உறைப்பில வாய் எரியேக்க அல்ககோல் இன்னும் எரிக்கும் அம்மா. பழம் ஒளிச்சிடும், துவர்ப்பு மட்டும் நிண்டு சண்டை பிடிக்கும்" என்று விளக்கம் சொன்னாய். "அப்ப என்ர சமையல் பிழை எண்டுறாய்?" என்றேன். "இல்ல, ரெண்டு பேரும் நல்ல ஆக்கள், ஒரு வீட்டில இருக்கேலாது" என்றாய். இந்தக் கதையை நான் எத்தனையோ பேருக்குச் சொல்லியிருக்கிறேன்.

ஆகவே கேற்றரிங்காரருக்கு இதைச் சொல். முதலாவது ஆட்டிறைச்சிப் பிரட்டல், எலும்போடு, கறித்தூளைக் கறுக்க வறுத்து, மிளகாயைப் பாதியாகக் குறைத்து, அந்த இடத்தை மிளகாலும் பெருஞ்சீரகத்தாலும் நிரப்பச் சொல். தண்ணீர் வற்றி எண்ணெய் பிரிந்து இறைச்சியில் ஒட்டிக்கொள்ளும்வரை அடுப்பில் இருக்க வேண்டும். வறுத்த மல்லியின் மணமும் வைனில் இருக்கிற மண் மணமும் ஒன்றையொன்று தேடிப் போகும். இறைச்சியின் கொழுப்பு துவர்ப்பை மழுக்கிவிடும், வைனின் புளிப்பு கொழுப்பைக் கழுவிவிடும். அதோடு புட்டு வை, இடியப்பம் வேண்டாம், சொதி இல்லாமல் இடியப்பத்தை யாரும் சாப்பிட மாட்டார்கள், தேசிக்காய்ப் புளி விட்ட தேங்காய்ப்பால் சொதியோடு உன் வைன் தகரம்போல இருக்கும். புளி கரைத்த மீன் குழம்பும் வேண்டாம், கருவாடு கிட்டவே வரக்கூடாது. அன்றைக்கு நெத்தலிக் கருவாட்டுக்குப் பிறகு நீ ஒரு வாய் குடித்துவிட்டு முகத்தைச் சுளித்தது, இரும்புக் கரண்டியை நக்கியது போல என்று சொன்னது, மறந்திருக்க மாட்டாய்.

மீன் இறைச்சி என்று மச்சம் ஒன்றும் சாப்பிடாதவர்களுக்குக் கத்தரிக்காயைப் பொரித்துத் தேங்காய்ப்பாலில் போட்ட கறி. எனக்குக் கேட்டால் இறைச்சியைவிட அதுதான் பொருத்தம் என்பேன், நீ ஒப்புக்கொள்ள மாட்டாய். காளானை மிளகு போட்டு வறட்டலாம். பீட்ரூட் கறி வைக்கலாம், அதிலும் மண் வாசம்தானே, ஆனால் சீனி சேர்க்க வேண்டாம் என்று சொல். ஆக்கள் வந்து நிற்கும்போது கொடுக்கிற சிற்றுண்டிக்கு மட்டன் றோல்ஸை அடிக்க ஒன்றுமில்லை. ஊறுகாயை மேசையில் வைக்காமல் தனியாக வைக்கச் சொல், கேட்கிறவர்கள் எடுக்கட்டும். பாயாசம் வரும்போது வைன் கிளாஸ்களை எடுத்துவிட வேண்டும், இனிப்புக்குப் பிறகு அது வெறும் புளிப்பு. அப்புறம், மண்டபம் வெக்கையாக இருக்கும், சிவப்பு வைன் என்றால் அறையின் சூட்டில் கொடுக்க வேண்டும் என்று யாராவது சொன்னால் கேட்காதே, கொஞ்ச நேரம் குளிர்சாதனப் பெட்டியில் வைத்து எடு. இதெல்லாம் நீ எனக்குச் சொல்லித் தந்ததுதான். எது உன்னுடையது, எது என்னுடையது என்று இப்போது எனக்கே தெரியவில்லை.

சாப்பாடு முடிந்தது. இனி மற்றது.

உன் நண்பர்களிடம் நீ ஒரு கதை சொல்லிக்கொண்டு திரிகிறாய் என்று கவி சொன்னாள். அவளுடைய அப்பா, வைன் செய்கிறவனுக்குப் பெண் கொடுக்க மாட்டேன் என்று ஒற்றைக் காலில் நின்றவர், ஹண்டருக்கு வந்து, உன் ஷிராஸை மணந்து பார்த்துவிட்டு, அந்த மணத்திலேயே மனம் மாறி ஓம் என்றுவிட்டார் என்று. நல்ல கதைதான். சிரித்துக்கொண்டு சொல்லலாம். ஆனால் அது நடந்தது அல்ல. என்ன நடந்தது என்று தெரியாமல் நீ மணவறையில் உட்காரக்கூடாது என்று நினைக்கிறேன்.

அதற்கு முதலில், புகை வந்த அந்தக் கோடைக்குப் போக வேண்டும். காடு எரிந்தபோது இங்கே சிட்னியில், நார்த்மீட்டில்கூட வெயில் செம்மஞ்சளாக விழுந்தது, காயப்போட்ட துணியெல்லாம் புகை மணத்தது. ஹண்டரில் நெருப்பு உங்கள் தோட்டத்தைத் தொடவில்லை. ஆனால் புகை வாரக்கணக்கில் கொடிகளின் மேலேயே கிடந்தது. பழத்தைக் கடித்துப் பார்த்தால் ஒன்றும் தெரியாது, புளிக்க வைத்த பிறகுதான் சாம்பல் வெளியே வரும் என்று நீ சொன்னாய். சோதனைக்கு அனுப்பிய பழம் சரியில்லை என்று முடிவு வந்தது. முதலாளி, பாவம், வயது போன மனுசன், அந்த வருடம் ஒரு குலையும் பிடுங்குவதில்லை என்று சொல்லிவிட்டார். பழத்தைக் கொடியிலேயே அழுக விட்டுவிட்டு நீ வீட்டுக்கு வந்தாய். காரின் பின்பக்கம் நிறையப் பழைய போத்தல்கள்.

அந்த நாட்களில் நீ சாப்பாட்டோடு குடிக்கவில்லை, தனியே இருந்து குடித்தாய். எனக்குத் தெரிந்தது, தெரியாததுபோல இருந்தேன். ஒரு நாள் மத்தியானம் வேலையிலிருந்து முந்தி வந்தபோது, துணி தோய்க்கிற அறையில் நீ குடித்துவிட்டு நிலத்தில் உட்கார்ந்திருந்தாய். கையில் கார்த் திறப்புக் கொத்து. "கொடிக்குத் தண்ணி விடோணும், போட்டு வாறன்" என்றாய். ஹண்டர்வரைக்கும் காரை ஓடப்போகிறாயாம். திறப்பைப் பிடித்தேன். நீ கையை உதறினாய். நான் மெஷினில் போய் மோதி விழுந்தேன். முழங்கை வீங்கியது, அவ்வளவுதான். ஆனால் நீ என்னைப் பார்த்த பார்வை, ஆதி, உன் அப்பாவின் செத்தவீட்டில்கூட உன் முகத்தை அப்படி நான் காணவில்லை. திறப்பை என் மடியில் வைத்துவிட்டு அழுதாய். "ஒருத்தருக்கும் சொல்லாதேங்கோ அம்மா. பிளீஸ்." சொல்ல மாட்டேன் என்றேன். அந்த நேரத்தில் உனக்கு என்ன கேட்டிருந்தாலும் ஓம் என்றுதான் சொல்லியிருப்பேன்.

அதற்குப் பிறகு நீ செய்தது எல்லாவற்றையும் நான் பார்த்தேன். அடுத்த நாள் காலையில் டொக்டரிடம் நீயாகவே போனாய், என்னை வெளியே காத்திருக்கச் சொன்னாய். அவர் அனுப்பிய ஆலோசகரிடம் ஒழுங்காகப் போனாய். மீதிப் போத்தல்களை எல்லாம் முதலாளியிடமே திருப்பிக் கொண்டுபோய்க் கொடுத்து, ஏன் என்றும் அவருக்குச் சொன்னாய். வேலையில் வாயில் வைத்துப் பார்த்துத் துப்புவதோடு சரி, நெடுங்காலம் ஒரு துளி விழுங்கவில்லை. பிறகும் சாப்பாட்டோடு, ஆக்களோடு, ஒரு கிளாஸ். தனியே இருந்து ஒருபோதும் இல்லை. முதலாளி உன்னை நம்பி மலைச்சரிவில் இருக்கிற பழைய கொடிகளில் சில வரிசைகளை விட்டுக்கொடுத்து, "உன் பெயரில் செய்" என்றபோது, நீ முதலில் வேண்டாம் என்றாய். கலியாண மேசைக்கு வரப்போகிற ஷிராஸ் அந்தக் கொடிகளிலிருந்து வந்தது. அதன் மதிப்பு எனக்கு வேறு யாரையும்விட நன்றாகத் தெரியும்.

இனி அந்த மத்தியானச் சாப்பாடு. மெல்பேர்ண் டார்னெய்ட்டிலிருந்து கவி தன் அம்மாவையும் அப்பாவையும் கூட்டிக்கொண்டு வந்தாள். அவள் அம்மா ஏற்கெனவே உன் பக்கம்தான். அப்பாதான் அரை மனதாக, கவியின் கண்ணீருக்காக வந்தார். ரயில் பெட்டிகள் திருத்துகிற இடத்தில் வேலை செய்கிற மனிதர், கதைப்பது குறைவு, கைகுலுக்கினால் உள்ளங்கை மரம்போல இருக்கும். தோட்டத்துக் கொட்டகைக்கு வெளியே நிழலில் மேசை போட்டு, நான் கொண்டுவந்த பிரட்டலையும் புட்டையும் கத்தரிக்காய்க் கறியையும் பரப்பினாய். எல்லோருக்கும் கொஞ்சம் ஊற்றினாய். அவருக்குத் தண்ணீர் ஊற்றினாய், கேட்காமலே. அதைப் பார்த்தார். பிறகு கவியின் கிளாஸை எடுத்து மூக்கருகே கொண்டுபோய் மணந்துவிட்டு, "செருப்புக் கடைக்குள்ள போன மாதிரிக் கிடக்கு" என்றார்.

நீ முகம் மலர்ந்துவிட்டாய். "ஓம் அங்கிள், அதுதான், லெதர். ஹண்டர் ஷிராஸுக்கு அப்படித்தான் சொல்லுவினம். நிறையப் பேருக்கு அது பிடிபடாது." அவர் கிளாஸைத் திரும்ப வைத்துவிட்டு இறைச்சி இரண்டாம் தரம் போட்டுச் சாப்பிட்டார். உன் கதையில் இதற்குப் பிறகு அவர் ஓம் என்கிறார். உண்மையில், சாப்பிட்டு முடிந்து கைகழுவிய பிறகு, "தங்கச்சி, கொஞ்சம் நடந்திட்டு வருவமோ" என்று என்னைக் கேட்டார். நீ கவிக்கும் அவள் அம்மாவுக்கும் பீப்பாய்களைக் காட்ட உள்ளே போனாய்.

இரண்டு வரிசைக்கு நடுவே நடந்தோம். இலை பழுக்கிற காலம், காலடியில் சருகு. கொஞ்சத் தூரம் என் பக்கத்தில் வந்தார். பிறகு நின்று, கொடியைத் தாங்குகிற கம்பியைப் பிடித்துக்கொண்டு கேட்டார். "தங்கச்சி, ஒண்டு கேக்கிறன், மறைக்காமச் சொல்லுங்கோ. உங்கட மகனை நீங்கள் குடிவெறியில கண்டிருக்கிறியளோ?"

திரும்பிப் பார்த்தேன், ஆதி. கொட்டகைக்குள் நீ ஏதோ சொல்ல, கவியின் அம்மா சிரிக்கிற சத்தம் எங்களுக்குக் கேட்டது. இல்லை என்று சொல்ல ஒரு நொடி போதும். எனக்குச் சொல்லத் தெரியாத பொய்யும் இல்லை. "கலியாண வீடுகளில கொஞ்சம்" என்று பாதி உண்மையாகவும் சொல்லியிருக்கலாம். உனக்குக் கொடுத்த வாக்கும் இருந்தது. ஆனால் அவர் கேட்ட விதம் குறை தேடுகிற ஆளின் விதம் அல்ல. வைத்தியரிடம் கேட்பது போலக் கேட்டார். தன் பிள்ளையை என் வீட்டுக்கு அனுப்பப்போகிற மனிதர். அவளும் ஒரு நாள் துணி தோய்க்கிற அறையின் கதவைத் திறக்கக்கூடும் என்று நினைத்தேன்.

"ஒருக்காக் கண்டனான் அண்ணை" என்றேன். புகையைச் சொன்னேன், திறப்பைச் சொன்னேன், நான் விழுந்ததைச் சொன்னேன். நிறுத்தாமல் சொன்னேன், நிறுத்தினால் குறைத்துச் சொல்லிவிடுவேன் என்ற பயத்தில்.

"பிறகு என்ன செய்தவன்?"

அதையும் சொன்னேன்.

அவர் கம்பியைப் பிடித்த பிடியை விடவில்லை. "எனக்கொரு அண்ணன் இருந்தவர்" என்றார். "மெல்பேர்ணுக்கு எனக்கு முதல் வந்தவர் அவர்தான். அவருக்குப் பொம்பிளை பேச நான்தான் போனனான். பொம்பிளையின்ர தேப்பன் என்னைத் தனியக் கூப்பிட்டு இதையேதான் கேட்டவர். தம்பி, உங்கட அண்ணை குடிக்கிறவரோ எண்டு. எப்பவாவது ஒரு பியர், ஐயா, எண்டு சொன்னன். எனக்கு எல்லாம் தெரியும். தெரிஞ்சுகொண்டுதான் சொன்னனான்." பிறகு, "அவர் போயிட்டார், லிவர் பழுதாகி. அண்ணி இருக்கிறா. இண்டைக்கும் எனக்குத் தேத்தண்ணி போட்டுத் தருவா. ஏன் மறைச்சனீங்கள் எண்டு ஒருநாளும் கேட்டதில்ல" என்றார்.

அவர் கண்ணைத் துடைக்கட்டும் என்று நான் கொடியில் எஞ்சியிருந்த இலைகளைப் பார்த்துக்கொண்டு நின்றேன். திரும்பி நடக்கும்போது சொன்னார்: "நீங்கள் இல்லையெண்டு சொல்லியிருந்தா, சாப்பாட்டுக்கு நன்றி சொல்லிப்போட்டு நாங்கள் போயிருப்பம். நான் நம்பியிருக்கமாட்டன். வைன் செய்யிற பெடியன், ஒருநாளும் பிழை விடேல்ல எண்டா ஆர் நம்புறது. நான் யோசிக்கோணும்." பிறகு வாசலருகே வந்ததும், "இது எங்களுக்குள்ள இருக்கட்டும். கவிக்குச் சொல்லுறதெண்டா அவன்தான் சொல்லோணும். நான் வாய் திறக்கமாட்டன்" என்றார்.

அன்று சிட்னிக்கு வரும்வரை நீ காரில், "அங்கிளுக்குப் பிடிச்சிட்டுது எண்டு நினைக்கிறன்" என்று திரும்பத்திரும்பச் சொன்னாய். நான் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வந்தேன். அடுத்த வாரம் கடையில் ஒரு வாடிக்கையாளருக்கு வெளிர் பச்சைக்குப் பதிலாக நீலத்தைக் கலந்து கொடுத்தேன். என் மகனின் வாழ்க்கையை என் வாயாலேயே கெடுத்துவிட்டேனோ என்று ஒரு பக்கம். கேட்ட மனிதருக்கு வேறு எதைச் சொல்லியிருக்க முடியும் என்று மறுபக்கம். பிறகு கவியின் அப்பா உன்னைத் தொலைபேசியில் கூப்பிட்டார். நீ உடனே எனக்குத் தொலைபேசி எடுத்து, "ஓம் எண்டிட்டார் அம்மா" என்றாய். நான் குழாயைத் திறந்துவிட்டு அந்தச் சத்தத்தில் அழுதேன்.

ஆக, உனக்குக் கொடுத்த வாக்கை மீறினேன். அதற்கு நீ கோபப்பட்டால் கோபப்படு, கொஞ்ச நாள் பேசாமல் இரு, நான் தாங்குவேன். ஆனால் அதே கேள்வியை இன்னொரு முறை கேட்டாலும் அதே பதிலைத்தான் சொல்வேன். உனக்கு நான் சொல்லக்கூடிய புத்திமதி இது ஒன்றுதான். கவிக்கு அதை நீயாகவே சொல், திருமணத்துக்கு முன்னால் சொல். நல்ல சாப்பாடு சாப்பிட்டு, இரண்டு பேரும் சந்தோஷமாக இருக்கிற நேரமாகப் பார்த்துச் சொல். புகையில் தொடங்கு, திறப்போடு நிறுத்தாதே, டொக்டரிடம் போனதையும் சொல், முதலாளியிடம் போத்தலைத் திருப்பிக் கொடுத்ததையும் சொல். உன்னில் எனக்குப் பெருமை அந்த மத்தியானத்துக்குப் பிறகுதான் தொடங்கியது. அவளுக்கும் அது தெரியட்டும். வேலையில் கஷ்டமான வருடங்கள் இனியும் வரும், மழை வரும், ஆலங்கட்டி வரும், புகையும் வரலாம். அப்போது உன்னோடு அந்த வீட்டில் இருக்கப்போவது அவள்தான், நான் இல்லை. எதைப் பார்க்க வேண்டும் என்று அவளுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போது கவியின் அப்பாவே தொலைபேசி எடுத்தார். நான் என்ன எழுதிக்கொண்டிருக்கிறேன் என்று சொல்லவில்லை. மண்டபத்தில் கதிரைகளுக்கு உறை போடுவதைப் பற்றி ஏதோ கேட்டுவிட்டு, கொஞ்சம் தயங்கி, "எல்லா மேசையிலும் வைன் வைப்பினமோ?" என்றார்.

"உங்களுக்குச் சங்கடமெண்டா ஒண்டிலையும் வைக்காம விடலாம் அண்ணை. ஆதி ஒண்டும் சொல்லமாட்டான்."

"இல்லையில்லை. பெடியன் தன்ர கையால செய்தது. வைக்கட்டும். வாற ஆக்கள் குடிச்சுப் பாக்கட்டும். என்ர மேசையில மட்டும் வேண்டாம். அண்ணியும் அதிலதான் இருப்பா."

"அப்ப நானும் உங்கட மேசையிலதான்" என்றேன்.

"உங்களுக்கு அந்த வைன் விருப்பமெண்டு கவி சொன்னவள்."

"விருப்பம்தான். ஒரு நேரம் தண்ணியோட சாப்பிட்டா ஒண்டும் குறைஞ்சு போகாது."

அவர் சிரித்ததை இன்றுதான் முதன்முதலாகக் கேட்டேன். சத்தம் குறைந்த சிரிப்பு, மூச்சு விடுவது போல.

மேசை மேசையாகப் போய் நீயே ஊற்றப்போவதாகச் சொன்னாய். அப்படியே செய். உன் ஷிராஸை எல்லோருக்கும் ஊற்று, கேட்கிறவர்களுக்கு அதன் குணத்தை எடுத்துச் சொல், கவியையும் பக்கத்தில் கூட்டிக்கொண்டு போ. எங்கள் மேசைக்கு வரும்போது போத்தலை வேறு யாரிடமாவது கொடுத்துவிட்டுத் தண்ணீர்ச் சாடியை எடுத்துக்கொண்டு வா. முதலில் அந்த அண்ணிக்கு ஊற்று. பிறகு அவருக்கு. எனக்குக் கடைசியில் ஊற்றினால் போதும்.

அம்மா